பணம் தருகிறவர் பின் நம்பர் கேட்க மாட்டார்



கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் பணம் பேங்க் கணக்கில்தான் ஏறுகிறது. குழுக் கடனும் அப்படித்தான். அதனால் திருடன் இப்போது ஓட்டைப் பிரிச்சு இறங்குவதில்லை, போனில் வருகிறான். அதுவும் நமக்கு வரவேண்டிய பணத்தின் பேரைச் சொல்லிக்கிட்டே வருகிறான். திருவையாறு வட்டாரக் குழுக்கள் எல்லாம் இந்த மாதக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேச வேண்டும்.

எந்தப் பேரில் வருகிறார்கள்?

* உரிமைத் தொகை: கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. அந்தச் சமயத்திலேயே, போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அரசு எச்சரிக்க வேண்டியிருந்தது.
* பி.எம். கிசான்: வாட்ஸ்அப்பில் ஒரு ‘ஏ.பி.கே.’ ஃபைல் வரும். அதைத் தொட்டு ஏற்றிவிட்டால், நம் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அவன் தூரத்திலிருந்தே படிப்பான்.
* முத்ரா கடன்: “லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, முதல்ல பீஸ் கட்டுங்க” என்பார்கள். கட்டிய பீஸ்தான் போகும், லோன் வராது.

2020-ல் நடந்தது என்ன?

போனில்தான் ஏமாற்றுவார்கள் என்று இல்லை. நேரிலும் வருவார்கள். 2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் போன்ற மாவட்டங்களில் புரோக்கர்கள், “கொரோனா நிவாரணம் வாங்கித் தர்றோம்” என்று சொல்லி ஆதார், பாஸ்புக் நகல்களை வாங்கினார்கள். வேளாண் துறையின் பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி, நிலமே இல்லாதவர்களையும் கிசான் திட்டத்தில் விவசாயிகளாகப் பதிந்தார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், சுமார் 110 கோடி ரூபாய்! பிறகு சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. கணக்கில் ஏறிய பணம் திரும்ப எடுக்கப்பட்டது. விவரம் தெரியாமல் நகல் கொடுத்த ஏழைகளும் பதில் சொல்லும்படி ஆயிற்று.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஓ.டி.பி. நம் வீட்டுச் சாவி மாதிரி. பேங்க் மேனேஜர் என்று சொன்னாலும் தரக்கூடாது.
2. பின் நம்பர் போடுவது பணம் அனுப்புவதற்குத்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.
3. “பத்து நிமிஷத்துல கணக்கு முடங்கிடும்” என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள். நேரே பேங்குக்குப் போய்க் கேளுங்கள்.
4. ஆதார் நகல் கொடுத்தால் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று அதன்மேல் எழுதுங்கள்.

பணம் போய்விட்டால்?

உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பேங்குக்கும் சொல்லுங்கள். திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிக்கொண்டே போவான். எடுப்பதற்கு முன் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும். தஞ்சாவூர் சைபர் கிரைம் போலீசிலும் புகார் கொடுக்கலாம்.

வீட்டுல திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க. ஏமாந்தது குற்றமில்லை. மறைத்து வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம்.

குழுவில் பேசுங்கள்

* நம் குழுவில் யாருக்காவது இப்படிப் போன் வந்ததா? என்ன பேர் சொன்னார்கள்?
* கூகுள் பே பின் நம்பரை யாரிடமாவது சொல்லி வைத்திருக்கிறோமா? இன்றைக்கே மாற்றலாமா?

பேசி முடித்ததும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் 1930 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.