ஆடைக்குள் அடங்காத சொல்

நுழையும்முன்

அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே முதலில் நிற்கும் பொருளே அச்சொல்லின் முழுப்பொருள் ஆகிவிடாது. சொல் தான் வழங்கும் இடத்திற்கேற்பப் பொருள் கொள்கிறது. நாம் நாள்தோறும் கேட்கும் 'டிரெஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சான்றாகக் கொண்டு, மொழிபெயர்ப்பில் கருத்தில் கொள்ள வேண்டியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு தொடரும் இரு பிழைகளும்

அறுவை மருத்துவம் முடிந்து வீடு திரும்பும் நோயாளிக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவுரைத்தாள் தரப்படுகிறது என்று கொள்வோம். அதனைத் தமிழாக்கும் பொறுப்பு உங்களிடம் வருகிறது. 'டிரெஸ்ஸிங்கை நாள்தோறும் மாற்றுக' என்பது அத்தாளில் உள்ள ஒரு தொடர். அதனை 'உடையை நாள்தோறும் மாற்றுக' என்று எழுதினால், நோயாளி சட்டையை மாற்றிக்கொண்டு புண்ணை அப்படியே விட்டுவிடுவார்.

பிழையை உணர்ந்து, 'கட்டினை நாள்தோறும் மாற்றுக' என்று திருத்தலாம். அதுவும் போதாது. புண்ணின்மேல் நேரே படும்படி வைக்கும் தூய மென்துணி வேறு. அது நழுவாதபடி மேலே சுற்றிக் கட்டும் துணி வேறு. முன்னதே டிரெஸ்ஸிங், பின்னது பேண்டேஜ். 'கட்டினை மாற்றுக' என்று படித்தவர் மேல்துணியை மட்டும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றிவிடக்கூடும். சீழ் படிந்த துணி உள்ளேயே இருக்கும். 'புண்ணின்மேல் வைத்துள்ள துணியை நாள்தோறும் நீக்கி, புதிய தூய துணியை வைத்துக் கட்டுக' என்பதே பொருளை உணர்த்தும் தமிழ். தொடர் நீண்டுவிட்டது, ஆனால் ஐயம் நீங்கிவிட்டது.

வேரும் கிளையும்

ஆடையைக் குறிக்கும் சொல் புண்ணுக்கு எவ்வாறு வந்தது? விடை அச்சொல்லின் வரலாற்றில் உள்ளது. இலத்தீன் மொழியில் 'டிரெக்டஸ்' என்பதற்கு 'நேராக்கப்பட்டது' என்பது பொருள். அதன் வழியே பிறந்த பழைய பிரெஞ்சுச் சொல் நிமிர்த்துதல், ஒழுங்குபடுத்துதல், ஆயத்தம் செய்தல் ஆகிய பொருள்களில் வழங்கியது. உணவு மேசையை ஒழுங்குபட அமைப்பதை இன்றும் பிரெஞ்சு மக்கள் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கிய 'டிரெஸ்' என்னும் வினைச்சொல்லுக்கும் ஒழுங்குசெய், ஆயத்தப்படுத்து என்பனவே அடிப்படைப் பொருள்கள்.

ஒருவர் தம்மை ஒழுங்குசெய்து வெளியே செல்ல ஆயத்தமாவது உடுத்துதலால் நிறைவுறுகிறது. ஆகவே அவ்வினை உடுத்துதலையும் குறித்தது. 17ஆம் நூற்றாண்டு அளவில், உடுக்கப்படும் ஆடைக்கும் அதுவே பெயராயிற்று. பின்னர், மேலும் கீழும் ஒன்றாய் இணைந்த மகளிர் உடையைச் சிறப்பாகக் குறித்தது. நாம் நன்கறிந்த 'டைரக்டர்', 'அட்ரஸ்' ஆகிய சொற்களும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. நெறிப்படுத்துபவர் டைரக்டர், கடிதத்தை உரியவரிடம் நேரே செலுத்துவது அட்ரஸ்.

இவ்வாறு நோக்கின், ஒழுங்குபடுத்துதலே இச்சொல்லின் வேர். ஆடை என்பது அதன் கிளைகளுள் ஒன்று. புண்ணைத் துப்புரவு செய்து மருந்திட்டு மூடுவதும் ஒழுங்குபடுத்துதலே அன்றோ?

துறைதோறும் ஒரு பொருள்

இவ்வேரை அறிந்தால், பிற துறைகளில் அச்சொல் ஏற்கும் பொருள்கள் எளிதில் விளங்கும். கட்டடத் துறையில் கரடுமுரடான கல்லை உளியால் கொத்திச் சமன்செய்வதை அது குறிக்கும். சுரங்கத் துறையில், தாதுவுடன் கலந்துள்ள கழிவை நீக்கி அடர்ப்பித்தலைக் குறிக்கும். இறைச்சிக் கடையில், இறகும் குடலும் நீக்கித் துப்புரவு செய்த கோழிக்கு அடைமொழியாக வரும். உழவில், வளர்ந்துவரும் பயிருக்கு இடும் மேலுரத்தையும் அச்சொல்லைக் கொண்டே ஆங்கிலத்தார் குறிப்பர். நாடகத்தில், முழு ஒப்பனையோடும் உடையோடும் நடத்தப்பெறும் இறுதி ஒத்திகைக்கு முன்னொட்டாக நிற்கும். கடைச் சாளரத்தில் பொருள்களை அழகுற அடுக்குதலைக் குறித்த தொடரோ, இன்று குறையை மறைத்து வெளித்தோற்றத்தை மட்டும் மெருகேற்றும் செயலுக்கு உவமையாகிவிட்டது.

படைப்பயிற்சியில் 'ரைட் டிரெஸ்' என்னும் ஆணை பிறந்தவுடன் எவரும் உடை மாற்றுவதில்லை. வீரர்கள் தலையை வலப்புறம் திருப்பி, அருகில் நிற்பவரை நோக்கித் தம் வரிசையை நேர்செய்துகொள்கின்றனர். தேசிய மாணவர் படையில் இவ்வாணை இந்தியில் 'தாஹினே ஸஜ்' என வழங்குகிறது. 'ஸஜ்' என்பது அழகுபெறுதல், ஒழுங்குபட அமைதல் என்னும் இரண்டையும் உணர்த்தும் சொல். எனவே அம்மொழிபெயர்ப்பு மூலச்சொல்லின் இருமுகத்தையும் காத்துள்ளது.

தமிழில் இணைச்சொற்கள்

தமிழிலும் இத்தகைய சொற்கள் உள்ளன. 'அணி' என்னும் சொல்லை நோக்குக. வினையாகும்போது அது உடையையோ நகையையோ மேற்கொள்வதைக் குறிக்கும். பெயராகும்போது அணிகலன், அழகு, வரிசை, படைப்பிரிவு, செய்யுளுக்கு அழகூட்டும் உறுப்பு எனப் பல பொருள் தரும். அணிகலனும் அணிவகுப்பும் ஒரே சொல்லில் அமைந்திருத்தல் காண்க. பள்ளிக்கு நாம் உடுத்திவரும் 'சீருடை' என்னும் சொல்லிலும் ஒழுங்கைக் குறிக்கும் 'சீர்' முன்நிற்கிறது.

இவற்றினும் வியப்புக்குரியது உழவர் வழக்கு. விதைப்பதற்கு முன் விதையின்மீது பூஞ்சாணக் கொல்லி முதலியவற்றைப் பூசுவதை ஆங்கிலத்தில் 'சீட் டிரெஸ்ஸிங்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'விதை உடுத்துதல்' என்னும் பொருந்தாத் தொடரே கிடைக்கும். தமிழிலோ அது 'விதை நேர்த்தி'. இலத்தீன் வேர் உணர்த்தும் 'நேர்' என்னும் கருத்து தமிழ்ச் சொல்லிலும் அமைந்துள்ளது! செயலின் நோக்கத்தை உணர்ந்து சொல்லைத் தேர்ந்ததால் விளைந்த பொருத்தம் இது.

கடன்பெறும் சொல்

பேச்சுத் தமிழில் நாம் 'டிரெஸ்' என்று சொல்லும்போது பெரும்பாலும் ஆடையையே கருதுகிறோம். ஒரு மொழியிலிருந்து சொல்லைக் கடன்பெறும்போது அதன் எல்லாப் பொருள்களும் உடன் வருவதில்லை. அதே வேளையில், வேட்டியை உடுத்துகிறோம், மாலையைச் சூடுகிறோம், அணிகலனைப் பூணுகிறோம், சால்வையைப் போர்த்துகிறோம். இத்தனை வினைகளும் இருக்க, அனைத்திற்கும் 'டிரெஸ் பண்ணுதல்' என்று கூறிப் பழகின், நுட்பமான வேறுபாடுகளைச் சுட்டும் ஆற்றலை நாமே இழந்துவிடுவோம்.

ஆகவே, மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைக் கண்டவுடன் 'இதற்குத் தமிழ் என்ன?' என்று கேட்பதற்கு முன், 'இச்சொல் இங்கு என்ன செய்கிறது?' என்று கேட்டல் வேண்டும். புண்ணோடு போராடும் நோயாளிக்கும் விதையோடு நிற்கும் உழவருக்கும் நாம் தரும் தமிழ் பயன்படுவது அப்போதுதான்.

தெரிந்து தெளிவோம்

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளை நான்காகப் பகுக்கிறது. அவை தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்பன. மொழிபெயர்ப்பும் நூலாக்கத்தின் ஒரு நெறியாகத் தமிழில் தொன்றுதொட்டு மதிக்கப்பட்டதை இதனால் அறியலாம்.

கற்பவை கற்றபின்...

1. 'கோட்' என்னும் ஆங்கிலச் சொல் உடை, வண்ணப்பூச்சு, விலங்கின் மேல்மயிர் ஆகியவற்றைக் குறிக்கும் இடங்களைக் கண்டறிந்து, ஒவ்வொன்றிற்கும் ஏற்ற தமிழ்ச்சொல்லை எழுதுக.

2. 'அணி' என்னும் சொல்லின் ஐந்து பொருள்களும் விளங்கத் தொடர்கள் அமைக்க.

3. உங்கள் வீட்டில் உள்ள மருந்துப் பெட்டியின் ஆங்கிலக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கி, அதனைப் படிப்பவர் சரியாகப் புரிந்துகொள்கிறாரா என்று வகுப்பில் கலந்துரையாடுக.