‘மாப்பிள்ளைக்கு ஏதாவது குறையோ?’

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தையின் ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. ஆபீசில் உனக்குப் ‘பாஸ்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்ட்டியில் உன் கையிலிருந்த ஜூஸ் டம்ளரைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அதைவிட, வரதட்சணை வேண்டாம் என்று நீ சொன்னதற்கு நம் வீட்டுக்குள்ளேயே கிளம்பிய பேச்சுதான் உன்னை வாட்டுகிறது. ஆபீஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய்.

முதலில் ஆபீஸ். பேதுருவின் முதலாம் நிருபம் இன்றைய துருக்கி நாட்டில் சிதறியிருந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. உபத்திரவம் என்றதும் நாம் சிங்கக் கெபியையும் அக்கினிச் சூளையையும் நினைத்துக்கொள்கிறோம். அந்த நிருபத்தை ஊன்றி வாசித்தால், அவர்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு ஊர்வாயால் வந்தது என்று தெரியும். முன்பு கூடக் குடித்துக் கும்மாளம் போட்டவர்கள் இப்போது வராமல் நின்றது அக்கம்பக்கத்தாருக்கு விநோதமாகப் பட்டது, அதனால் தூஷித்தார்கள். நான்காம் அதிகாரத்தில் பார். அதற்கு முந்தின அதிகாரத்தில், விசாரித்துக் கேட்கிறவனுக்குச் சாந்தமாகப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறார். கேலி செய்கிறவன் உன்னை எதுவும் விசாரிக்கவில்லை. அவனுக்கு நீ விளக்கம் சொல்லிக் களைத்துப்போக வேண்டாம்.

‘நான் குடிக்கிறதில்லை’ என்றால் போதும். மாத்திரை சாப்பிடுகிறேன், வயிறு சரியில்லை என்று பொய் சொல்லாதே. அடுத்த பார்ட்டிக்கு வேறொரு பொய் தேட வேண்டிவரும். குடியின் கேட்டைப் பற்றி அங்கே பிரசங்கமும் வேண்டாம். அதே மேஜையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடு, எல்லாரோடும் பேசு. வண்டி ஓட்டும் நிலையில் இல்லாதவனைப் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடு.

தானியேலைப் பார். பாபிலோனில் வைத்த பெல்தெஷாத்சார் என்ற பெயரை ஏற்றுக்கொண்டான். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தான். அரண்மனை உத்தியோகமும் பார்த்தான். ராஜாவின் போஜனத்தை மட்டும் வேண்டாம் என்றான். அதற்கும் முறைத்துக்கொள்ளவில்லை. தன் தலைக்கு ஆபத்து வருமே என்று அதிகாரி பயந்தபோது, விசாரிப்புக்காரனிடம் போய், பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டான். நீயும் உன் எல்லை எது என்று தெரிந்து வைத்துக்கொள். டீம் லஞ்ச், சினிமா, பக்கத்து மேஜைக்காரர் நீட்டும் தீபாவளி முறுக்கு என்று எல்லாவற்றுக்கும் முகம் சுளித்தால், எது உன் விசுவாசம், எது உன் சுபாவம் என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

இனி வீட்டு விஷயம். ‘மாப்பிள்ளைக்கு ஏதாவது குறையோ? அதனால்தான் ஒன்றும் வேண்டாம் என்கிறார்களோ?’ என்று பெண் வீட்டுப் பக்கமிருந்தே பேச்சு வந்ததாம். ‘அக்காவுக்கு நாம் போட்டு அனுப்பிய நகையை யார் திருப்பித் தருவார்?’ என்று உன் பெரியம்மா கேட்டாளாம். இவர்கள் நம்மோடு சேர்ந்து திருவிருந்து எடுக்கிறவர்கள். அதனால்தான் உனக்கு இவ்வளவு வலிக்கிறது.

நம் திருநெல்வேலி, கன்னியாகுமரிச் சபைகளில் இதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. பவுன் கணக்கு, ரொக்கம், கார் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் ஆலயத்தில் கல்யாண ஓலை வாசிக்கிறோம். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அதன்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். ‘நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் பெண்ணுக்குப் பிரியமாய்ச் செய்கிறார்கள்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். குடியை விட்டவனை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கும் நாம், வரதட்சணை வேண்டாம் என்பவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்கிறோம். இதை எழுதும்போதே எனக்கு வேதனையாக இருக்கிறது. உன் இரண்டு தீர்மானங்களில் கனமானது எது என்று கேட்டால், இதுதான் என்பேன். பார்ட்டியில் ஜூஸ் குடிப்பதால் உனக்கு நஷ்டம் எதுவுமில்லை. இதிலோ, ஒரு தகப்பன் தன் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காமல் மகளைக் கட்டிக்கொடுக்க வழி பிறக்கிறது.

பெரியம்மாவிடம் கோபப்படாதே. அவள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. அக்கா கல்யாணக் கடனை உன் அப்பா இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். உன் கல்யாணத்தில் வரும் பணத்தில் அது தீரும் என்று நம்பியிருந்தவர் அவர். கொள்கை உன்னுடையது, அதன் சுமை மட்டும் அப்பாவுடையது என்றால் அது முறையல்ல. அப்பாவோடு உட்கார்ந்து, இனிமேல் மாதாமாதம் உன் சம்பளத்திலிருந்து கடனுக்கு எவ்வளவு தருவாய் என்று பேசு. வீட்டுப் பேச்சின் சூடு பாதி அதிலேயே தணியும்.

ஓட்டக்காரர் எரிக் லிடெலின் கதையை வாலிபர் கூட்டத்தில் கேட்டிருப்பாய். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வுநாளில் ஓட மறுத்தார். பலரும் குறை சொன்னார்கள். 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வென்றார். பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். அடுத்த வருஷம் அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துவார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களே ஆடப்போய் அது அடிதடியில் முடிந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமையும் மைதானத்தில் நின்று நடுவராக இருந்தாராம். பதக்கத்துக்காக அசையாத மனிதர் பிள்ளைகளுக்காக இறங்கி வந்தார். 1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்துபோனார்.

இதை உனக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘இவர்கள் எல்லாம் உலகத்தார், இவர்களுக்கு என்ன தெரியும்’ என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறாய். அதை மனசிலிருந்து அடித்துவிடு. ரோமர் நிருபம் 14-ஆம் அதிகாரத்தில் இதே சண்டைதான். எதையும் சாப்பிடுகிறவர்கள் மரக்கறிக்காரரை அற்பமாக எண்ணினார்கள். மரக்கறிக்காரர் மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்த்தார்கள். பவுல் இருவரையுமே கண்டிக்கிறார். நீ இப்போது அந்த இரண்டாவது கூட்டத்தோடு நிற்கிறாய். போன வருஷம் உனக்கு டெங்கு வந்தபோது ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது யார்? ‘பாஸ்டர்’ என்று பெயர் வைத்த அதே பையன்தான். நீயே போனில் சொன்னாய்.

பெண் வீட்டாருக்குத் தரகர் மூலம் சொல்லி அனுப்பாதே. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போ. எதுவும் வாங்கமாட்டேன், காரணம் இதுதான் என்று அந்தப் பெண்ணும் இருக்கும்போது அமைதியாகச் சொல். ஓலை கொடுக்கும்போது போதகரிடமும் சொல்லிவிடு. நானும் கூட வருகிறேன். பெரியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை
பாளையங்கோட்டை