விதைப்புக்கு முன் ஒரு சிறு கணக்கு



"இந்த விதை முளைக்குமா? இந்த வாரம் மழை வருமா?" என்று கேட்காத உழவர் இல்லை. இக்கேள்விகளுக்கு "ஆம்", "இல்லை" என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் வாய்ப்பு எவ்வளவு என்று எண்ணால் சொல்ல இயலும். இதற்கு நிகழ்தகவு என்று பெயர்.

நிகழ்தகவு என்றால் என்ன?

காசைச் சுண்டினால் விழக்கூடியவை இரண்டே: பூ அல்லது தலை. தலை விழும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, அதாவது 1/2. நடக்கவே முடியாததற்கு நிகழ்தகவு 0. கட்டாயம் நடப்பதற்கு 1. மற்றவை எல்லாம் இவ்விரண்டுக்கும் இடையில் அமையும்.

விதையில் நிகழ்தகவு

செஞ்சி அருகே மண்டகப்பட்டு வட்டாரத்தில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். விதைச் செலவே பெருஞ்செலவாக உள்ள பயிர் இது. மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் காய்களை எடுத்து உடைத்து, 100 பருப்புகளைப் பொறுக்காமல் எண்ணி ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வையுங்கள். சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 10-ஆம் நாள் நன்கு முளைத்தவற்றை மட்டும் எண்ணுங்கள். 80 முளைத்திருந்தால், ஒரு விதை முளைக்கும் நிகழ்தகவு 80/100, அதாவது 0.8. சான்று விதைக்கு நிலக்கடலையில் குறைந்தது 70 சதவீத முளைப்பு வேண்டும்.

பத்து விதையை மட்டும் சோதித்தால் போதாதா? போதாது. பத்தில் ஒரு விதை தவறினாலே 10 சதவீதம் மாறிவிடும். நூறில் ஒரு விதை தவறினால் 1 சதவீதமே மாறும்.

குழிக்கு இரண்டு விதை தேவையா?

ஒரு விதை முளைக்காத வாய்ப்பு 0.2. குழிக்கு இரண்டு விதை ஊன்றினால் இரண்டும் முளைக்காத வாய்ப்பு 0.2 × 0.2 = 0.04. 100 குழிகளுக்குச் சராசரிக் கணக்கு இது:

• இரண்டும் முளைப்பவை (0.8 × 0.8): 64 குழிகள்
• ஒன்று மட்டும் முளைப்பவை: 32 குழிகள்
• எதுவும் முளைக்காதவை: 4 குழிகள்

ஆக 96 குழிகளில் செடி கிடைக்கும். ஆனால் செலவு 200 விதை. 64 குழிகளில் செடிகள் நெருக்கடியாக நிற்கும்.

மாறாக, குழிக்கு ஒரு விதை ஊன்றுங்கள். 80 குழிகளில் முளைக்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே எஞ்சிய 20 குழிகளில் மீண்டும் ஊன்றினால் 16 முளைக்கும். அதே 96 குழிகள்தான். செலவோ 120 விதை மட்டுமே. 80 விதை மிச்சம்!

ஓர் எச்சரிக்கை: ஒரு விதையின் நிலை மற்றொன்றைப் பாதிக்காதபோதே இப்படிப் பெருக்கலாம். ஈரம் வற்றினாலோ, அழுகல் நோய் தாக்கினாலோ ஒரே குழியிலுள்ள இரண்டு விதைகளும் சேர்ந்தே கெடும். ஆகவே கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கொண்டு விதை நேர்த்தி செய்து, தக்க ஈரத்தில் விதையுங்கள்.

மழையில் நிகழ்தகவு

அருகிலுள்ள மழைமானியின் 20 ஆண்டுப் பதிவைக் கேட்டுப் பெறுங்கள். நீங்கள் விதைக்க நினைக்கும் வாரத்தில் எத்தனை ஆண்டுகளில் விதைப்பு மழை பெய்தது என்று எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக 14 ஆண்டுகளில் பெய்திருந்தால் நிகழ்தகவு 14/20 = 0.7. பத்து ஆண்டுகளில் மூன்று முறை ஏமாற்றம் வரக்கூடும் என்பதையும் இது சொல்கிறது. எல்லா நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காமல் பிரித்து விதைப்பது இதனால்தான் நல்லது.

வானொலியில் "ஓரிரு இடங்களில் மழை" என்று சொன்னால், நூற்றுக்கு 25-க்கு மிகாத இடங்களில் மழை எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். அந்த இடங்களில் உங்கள் ஊர் இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம். அதை மட்டும் நம்பி விதையைப் புழுதியில் போடாதீர்கள்.

"இரண்டு ஆண்டு பொய்த்துவிட்டது, இவ்வாண்டு கட்டாயம் பெய்யும்" என்று சிலர் கடன் வாங்கிவிடுவதுண்டு. இது தவறு. மூன்று முறை பூ விழுந்தாலும் நான்காம் முறை தலை விழும் வாய்ப்பு அதே 1/2 தான். மழையும் பழைய பாக்கியைத் தீர்க்க வருவதில்லை.

பயிற்சி

உங்கள் விதையின் முளைப்பு 70 சதவீதம். குழிக்கு இரண்டு விதை ஊன்றினால் 100-ல் எத்தனை குழிகளில் செடி இருக்கும்?

விடை: 0.3 × 0.3 = 0.09. ஆகவே 91 குழிகள். ஒரு விதை ஊன்றி இடைவெளியை நிரப்பினாலும் 70 + 21 = 91. முன்னதற்கு 200 விதை, பின்னதற்கு 130 விதை.

வரும் பட்டத்திற்கு முன் 100 பருப்பை எண்ணிச் சோதியுங்கள். 10 நாள் பொறுத்தால் மூட்டையின் தரம் தெரிந்துவிடும்.