மருதோன்றியின் நிறம் கறுப்பல்ல

பெருநாள் வந்தால் வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டிலும் மருதோன்றிதான். உயர்தரத்தில் நான் படிக்கும் இரசாயனவியல் அதன் சிவப்புக்குக் காரணம் சொல்கிறது. இலையிலுள்ள லோசோன் என்னும் சாயம் தோலின் கெரற்றின் புரதத்துடன் இணைகிறது. முதலில் செம்மஞ்சளாகப் பற்றி, இரண்டு நாட்களில் செங்கபிலமாகிறது. கறுப்பு அதன் நிறமே அல்ல.

உடனே கறுக்கும் ‘கறுப்பு மருதோன்றி’ கோன்களில் பெரும்பாலும் கலப்பது பரா-பீனைலீன்டைஅமீன் என்னும் தலைமயிர்ச் சாயப்பொருள். இது தோலைக் கொப்பளிக்கச் செய்யலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆயுள் முழுவதும் தொடரக்கூடும். பிற்காலத்தில் தலைக்குச் சாயம் பூசினாலும் முகம் வீங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் தலைச்சாயத்தில் இதை 2 வீதம் வரையே அனுமதிக்கிறது; தோலில் பூச அனுமதியில்லை.

ஜீ6பீடீ நொதியக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அசல் மருதோன்றியும் ஆகாது. செங்குருதிக் கலங்கள் சிதையலாம்.

உம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள்: சேர்மானம் எழுதப்படாத கோனை வாங்காதீர்கள். சிவக்க நேரமெடுப்பதே நல்ல மருதோன்றி.