கார்த்தி முகத்தை என்ன செய்வது?

பள்ளி நாளில் உருகி உருகி வாசித்த ‘பொன்னியின் செல்வ’னை மறுபடி எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் வந்தியத்தேவன், படத்தில் அவனாக நடித்த கார்த்தியாகவே வருகிறான். என் பழைய வந்தியத்தேவனை மீட்க வழி உண்டா?
– ஒரு வாசகர், திருச்சி

உண்டு. படம் கைவைக்காத இடத்தில் நுழையுங்கள். கடம்பூர் மணிமேகலையைத் தேடிப் பிடியுங்கள். வந்தியத்தேவனை ஒருதலையாக நேசித்த அந்தப் பெண் மணிரத்னத்தின் இரண்டு படங்களிலும் கிடையாது. கல்கியோ நாவலின் கடைசி அத்தியாயத்தையே அவளுக்குக் கொடுத்தார். அவளோடு பேசும் வந்தியத்தேவனுக்கு எந்த நடிகரின் முகமும் ஒட்டாது. சேந்தன் அமுதனும் அப்படித்தான். படத்தில் அவர் ஓரமாக வந்து போகிறார். புத்தகத்தில் அவர் பிறப்பின் ரகசியம்தான் சோழ சிம்மாசனத்தையே புரட்டிப்போடுகிறது.

அப்புறம், ஒரே மூச்சில் படிக்காதீர்கள். இது 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம்வரை வாசகரைத் தவிக்கவிட எழுதப்பட்டது. படங்களுக்கு மொத்தமே ஐந்தரை மணி நேரம். வீரநாராயண ஏரிக்கரையில் ஆழ்வார்க்கடியான் தடியோடு சைவரிடம் வம்பு வளர்ப்பதை நின்று கேட்க அவற்றுக்கு ஏது பொழுது? உங்களுக்கு உண்டு. (அந்தச் சண்டைக்காகவே முதல் பாகத்தைப் பலமுறை புரட்டுகிறவன் நான்.)

மணியம் ஓவியங்களோடு வந்த பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். முகத்தை முகத்தால்தான் விரட்ட முடியும்.

நந்தினி மட்டும் ஐஸ்வர்யா ராயாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதில் நஷ்டமில்லை!