கண்ணாடியை இறக்கும் முன் பீடிங்கைப் பாருங்கள்

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மணல் பறக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, கம்பம், ஆரல்வாய்மொழி என்று கணவாய்க் காற்றுக்கு எதிரே வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சன் ஃபிலிம் ஒட்டிய கார் கண்ணாடியில் நெட்டுக்குத்தாகக் கோடு விழ இதைவிடத் தோதான காலம் கிடையாது.

பழியைத் துடைக்கிற துணிமேல் போடுகிறோம். என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி, கதவு விளிம்பில் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருக்கும் பீடிங்தான். அதன் உள்பக்க உதட்டில் வெல்வெட் போல மெல்லிய ரோமம் இருக்கும். தூசி தங்குவது அதில். ஃபிலிம் இருப்பதும் அதே உள்பக்கத்தில். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும், ஃபிலிமோ வெறும் பாலியெஸ்டர். பார்க்கிங் சீட்டு வாங்க ஒருமுறை கண்ணாடியை இறக்கினேன். அந்தக் கோடு இன்னும் என் வண்டியில் இருக்கிறது.

இந்த வாரமே 1 அங்குல பெயிண்ட் பிரஷ் ஒன்று புதிதாக வாங்குங்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றிவைத்து, பீடிங் உதட்டை விரலால் லேசாக விலக்கி, தூசியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளி வெளியே எடுங்கள். வாக்குவம் இருந்தால் கூடவே பிடியுங்கள். பிறகு ஈர மைக்ரோஃபைபர் துணியை மடித்து அதே வழியில் ஓர் இழுப்பு. துணியில் செம்மண் நிறம் ஏறுவது நிற்கும்வரை இழுங்கள். காற்று அடங்கும்வரை வாரம் ஒருமுறை இதைச் செய்யத்தான் வேண்டும்.

உள்பக்கம் துடைக்கத் தண்ணீரும் 2 சொட்டு கார் ஷாம்பூவும் போதும். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், நாளடைவில் ஃபிலிமின் நிறம் கெடும். செய்தித்தாள் வெறும் கண்ணாடிக்குச் சரி, ஃபிலிமுக்கு ஆகாது. வெயில் மறைப்பைக் கழற்றாமல் கண்ணாடியை இறக்காதீர்கள். சீட் பெல்ட் கொக்கியையும் பாதியில் விட்டுவிடாமல் கையோடு கொண்டுபோய் விடுங்கள். தெறித்துப் போய் ஃபிலிமில்தான் அடிக்கும்.

விழுந்த கோட்டுக்குப் பற்பசை வைத்தியம் பார்த்தால் மங்கல்தான் மிஞ்சும். உரித்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டியதுதான். ஆனால் 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடுத்ததிலிருந்து போலீஸின் கண் இதன்மேல் இருக்கிறது. மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடிகளில் 70%, பக்கக் கண்ணாடிகளில் 50% வெளிச்சம் ஊடுருவ வேண்டும்.

ஒட்டிய பிறகு 3, 4 நாள் கண்ணாடியை இறக்கவே கூடாது. பட்டன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பின் சீட்டில் பிள்ளைகள் என்றால் விண்டோ லாக்கையும் போட்டுவிடுங்கள்.