நீரும் நிலமும் வகுத்த வடிவம்

மேட்டூரில் 1934-ஆம் ஆண்டு அணை எழுந்த பின்னும், காவிரியில் ஆண்டுதோறும் நீர் ஒரே அளவாய் வருவதில்லை. ஆதலின், உள்ள நீரைக் கொண்டு எதனை எவ்வளவு பயிரிடுவது என்னும் வினா தஞ்சை உழவர்க்கு எழுகின்றது. அதற்கு வடிவக் கணிதம் விடை தருமாற்றைக் காண்போம்.

உழவர் ஒருவர்க்கு 5 ஏக்கர் நிலமும் 9 பங்கு நீரும் உள்ளன எனக் கொள்வோம். ஏக்கர் ஒன்றிற்கு நெல் 3 பங்கு நீரும், உளுந்து 1 பங்கு நீரும் வேண்டும். ஏக்கர்தோறும் கிடைக்கும் ஊதியம் நெல்லுக்கு 2 பங்கு. உளுந்துக்கு 1 பங்கு.

நெல்லின் பரப்பைக் கிடைக்கோட்டிலும் உளுந்தின் பரப்பை நிலைக்கோட்டிலும் குறிப்போம். நிலத்தின் எல்லை ஒரு நேர்கோடாகும். நீரின் எல்லை மற்றொரு நேர்கோடாகும். இந்நான்கு கோடுகளும் சூழ்ந்த நாற்கோணத்துள் அடங்கும் புள்ளிகளே இயலக்கூடிய திட்டங்கள். அதனுள் எவ்விரு புள்ளிகளை இணைப்பினும் இணைகோடு வெளியே செல்லாது. இத்தகையதே குவிவு வடிவம். செங்கல் குவிவுடையது, குழி விழுந்த உரல் அத்தகையதன்று.

குவிவு வடிவத்தில் மிகுந்த ஊதியத்தை மூலைகளில் தேடினாலே போதும். 3 ஏக்கர் நெல் மட்டும் பயிரிட்டால் ஊதியம் 6. 5 ஏக்கரும் உளுந்தாயின் 5. நெல் 2 ஏக்கரும் உளுந்து 3 ஏக்கருமாயின் 7. இம்மூன்றாவதே சிறந்த மூலை. நீர் 7 பங்காகக் குறையின், அம்மூலை 1 ஏக்கர் நெல், 4 ஏக்கர் உளுந்து என நகரும். ஊதியம் 6 ஆகும். ஆகவே, இங்கு ஒரு பங்கு நீரின் மதிப்பு அரைப் பங்கு ஊதியம் என்பதும் விளங்குகின்றதன்றோ?

பயிர் மூன்றாயின் அவ்வடிவம் தட்டையான முகங்களையுடைய திண்மமாகும். இதுவே குவிவுப் பன்முகி. பயிர்களும் ஊர்களும் பெருகப் பெருக, மூலைகளும் எண்ணிலடங்காமற் பெருகும். 1947-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக், ஒரு மூலையினின்று விளிம்பு வழியே அதனினும் சிறந்த மூலைக்குச் செல்லும் முறையை வகுத்தார். 1984-ஆம் ஆண்டு இந்தியாவிற் பிறந்த நரேந்திர கர்மார்க்கர், பன்முகியின் உள்ளே புகுந்து செல்லும் விரைவான வழியொன்றை வெளியிட்டார். இன்று கணிப்பொறிகள் இம்முறைகளால் எண்ணெய் ஆலைகளுக்கும் வானூர்திகளின் பயணங்களுக்கும் திட்டம் வகுக்கின்றன.

மாணவர்களே! ஒன்றை மறவாதீர்கள். மூலையைத் தேடுவது பொறி. எல்லைகளை இடுவது மனிதன். கடைமடை ஊர்க்கு இவ்வளவு நீர் சென்றே தீரவேண்டும் என்பதை ஓர் எல்லையாக எழுதாவிடின், அவ்வூரின் வயல்களை வறள விட்டும் பொறி “சிறந்த விடை” ஒன்றைத் தந்துவிடும். அப்பிழை பொறியினுடையதன்று, எழுத மறந்த நம்முடையதே.